வீட்டுக்கு முன் வேலி அடைத்தவனுக்கு

இன்று காலை சங்கக்கடையில் கூப்பன் அரிசி கொடுத்தார்கள். நானும் மேல் காய்ச்சலோடு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். அவருக்கு முன்னால் கோயில் மனேச்சர். மூட்டையை அவிழ்த்ததும் ஒரு புழுங்கிய நாற்றம் வந்தது பார், ஈரச் சாக்கும் எலிப் புழுக்கையும் கலந்த நாற்றம். வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உதுக்கும் ரெண்டு மணித்தியாலம் நிண்டிருக்கிறம்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அரசாங்கத்து அரிசிக்காக வெயிலில் நிற்கிறோமே என்ற வெட்கம் ஒருவர் முகத்திலும் இல்லை. சண்டைக் காலம், ஆருக்கு ஆர் பார்த்து வெட்கப்படுவது?

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஊர் எரிந்த வருடம் என் வீட்டு முன்கூடத்தில் முகட்டை முட்ட அடுக்கிக் கிடந்த, அரசாங்கக் கச்சேரி அனுப்பிய மூட்டைகளுக்கும் இதே மணம்தான். அந்த மூட்டைகளில் ஒரு கொத்து அரிசிகூட உன் வீட்டு உலையில் விழவில்லை. நீ இருந்திருந்தால் இன்றைக்கும் வரிசைக்கு வந்திருக்கமாட்டாய். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன விதானை, சோத்துக்கு நிக்கிறியோ?" என்று கேட்டு என் மானத்தை வாங்கியிருப்பாய்.

அப்படிக் கேட்க இப்போது ஒருவரும் இல்லையடா.

நான் அரசாங்கத்துக்காக ஊரைப் பார்க்கிற விதானையாக இருந்த இருபத்திரண்டு வருடத்தில் ஊரில் எல்லாரும் என்னைக் கண்டால் சால்வையைத் தோளிலிருந்து இறக்குவார்கள். என் முகத்துக்கு நேரே ஓம் போட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் வேறு கதைப்பார்கள். முகத்துக்கு நேரேயே "விசர்க்கதை கதையாதை" என்று சொன்னவன் நீ ஒருவன்தான். நடுவில் ஒடுக்கமான ஒழுங்கை, இந்தப் பக்கம் என் வளவு, அந்தப் பக்கம் உன் வளவு. பள்ளிக்கூடத்தில் உன் சிலேட்டைக் களவெடுத்தவனுக்கு நீ என்னத்துக்கு எழும்பி நிற்கப்போகிறாய்? இப்போது உத்தியோகமும் இல்லை. மனிசி போய் ஆறு வருடம். மகன் மலாயாவில், சண்டை அங்கே போனதிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் இல்லை. சில நாள் காலையில் எழும்பினால் படுக்கப்போகும் வரைக்கும் என் வாயிலிருந்து ஒரு சொல் வெளிப்படாது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். போய்ச் சேராது என்று தெரியாமலில்லை. ஆனால் ஒரு விஷயம் நான் உன்னிடம் சொல்லவேயில்லை. அதைச் சொல்லாமல் நானும் கண்ணை மூடினால் அது பெரிய அநியாயம்.

அது ஆனி மாதக் கடைசி. சோழகக் காற்று ஊரைத் தூக்கிக்கொண்டு போகிறமாதிரி அடித்தது. உனக்கு நினைவிருக்கும், நீ தோட்டத்தில் புகையிலைத் தறையைக் கொத்திக்கொண்டு நின்றாய். நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டு நின்றேன். தெற்கே பனங்கூடலுக்குள் புகை எழும்பியது. ஆரோ காவோலையைக் குவித்து நெருப்பு வைத்துவிட்டுக் காற்றைப் பாராமல் போயிருக்கிறான். ஆரென்று நான் பிறகு விசாரித்து விசாரித்துக் கடைசியில் "தெரியாது" என்றுதான் எழுதினேன். பனைக்குப் பனை தாவி வந்த தீ, கூடல் முடிந்த இடத்தில் நின்றுவிடும் என்று நினைத்தோம். எங்கே நிற்கும்? எங்கடை ஊரில் வேலி இல்லாத வளவு உண்டா? ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க நாங்கள் வருடா வருடம் அடைத்த ஓலை வேலியெல்லாம் தீக்கு ஒழுங்கையாகிவிட்டது. அது வேலியைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தது.

நீ கிணற்றடியில் துலாவை மிதித்து மிதித்து இறைத்தாய். நான் வாளியோடு ஓடினேன். உன் மனிசி பறுவதம், மகள் பாக்கியத்தை இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடி வந்தாள். அதற்குள் உன் வீட்டு முகடு இறங்கிவிட்டது. ஒரு சுருட்டுப் பற்றி முடிகிற நேரம்கூட இல்லை. என் வீடு ஓட்டு வீடு, அது தப்பிவிட்டது. அது தப்பியதுகூட எனக்கு அந்த நேரம் பெரிய வெட்கமாக இருந்தது. நான்கு மண்சுவரும் மேலே வானமுமாக உன் வீடு நின்றது. நீ மண் அள்ளிக் கொட்டி, புகைந்துகொண்டிருந்த கூரை வளையை அணைத்தாய். பிறகு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "சாப்பிட்டனியோ?" என்று கேட்டாய்.

அடுத்த நாள் விடியக் காலமை சோற்றுப் பானையோடு உன் வளவுக்கு வந்தேன். ஊரில் எரிந்த வீட்டுக்காரர் எல்லாரும் சாம்பலுக்குள் பானை சட்டி தேடிக்கொண்டிருந்தார்கள். நீ தேடவில்லை. தப்பின வேலிக் கதியால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். மேற்கு வயலோரம் உனக்கு இருந்த நாலைந்து பனைகள் எரியவில்லை. அதில் ஏறிப் பச்சை ஓலையை வெட்டிக் குவித்திருந்தாய். நான் நல்லது என்று நினைத்தேன். ஒரு அறையாவது மூடலாம்.

நீ அதில் ஒரு ஓலையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. முழுவதையும் ஒழுங்கைப் பக்கத்து வேலிக்கு அடைத்தாய். ஆள் உயரத்துக்கு, ஒரு விரல் போகாத நெருக்கமாக.

"உனக்கென்ன விசரே? உந்த ஓலையை முகட்டிலை போடடா. பொம்பிளையள் வெயிலுக்கை கிடக்கினம்."

நீ கட்டிக்கொண்டிருந்த முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் திரும்பினாய். "முகடு வானத்துக்குத்தான் தெரியும். வேலி ஊருக்குத் தெரியும்."

ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். பாக்கியத்துக்குப் பேசி முடித்திருந்தது. மருதனார்மடத்துப் பக்கத்து ஆட்கள், மாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர். சீதனமாக எழுதுவதாகச் சொன்னது அந்த வீட்டையும் வளவையும்தான். அவர்கள் ஆள் விட்டு விசாரித்தபோது, "வேலி கொஞ்சம் கருகினது, அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினாய். பச்சை வேலியைப் பார்த்துவிட்டு வந்த ஆளும் அப்படியே போய்ச் சொன்னான். வேறு ஊரில் இது பொய்யாக இருக்கும். எங்கடை ஊரில் வேலி ஒழுங்காக இருந்தால் குடும்பம் ஒழுங்காக இருக்கிறது. அதற்குமேல் உள்ளே எட்டிப் பார்ப்பவன்தான் மரியாதை கெட்டவன்.

இரண்டு கிழமையில் கச்சேரியிலிருந்து உதவி தருவதாகத் தகவல் வந்தது. எரிந்த வீட்டுக்கு ஓலை, அதைக் கட்டக் கூரைக்குப் பனஞ்சலாகை, தலைக்கு இவ்வளவு அரிசி, ஆளுக்கொரு உடுப்பு. அதற்கு ஒரு பத்திரம். வீட்டின் நீளம் அகலம், எரிந்த பொருள், வீட்டில் எத்தனை பேர், கீழே வீட்டுக்காரன் கையெழுத்து, அதற்கும் கீழே விதானையின் அத்தாட்சி. எழுதின பெயரெல்லாம் பட்டியலாக என் வீட்டு வெளிச்சுவரில் ஒட்டவேண்டும், ஆட்சேபம் இருந்தால் ஊர் சொல்லட்டும் என்று. அந்தச் சுவர்தான் உனக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்கையால் போகிற வருகிற மருதனார்மடத்துக்காரன் எவனாவது அதில் உன் பெயரைப் படித்தால் என்ன ஆகும் என்று பயந்தாய். நான் முதல் பட்டியலில் உன் பெயரையும் எழுதித்தான் வைத்திருந்தேன். கச்சேரியின் வெள்ளைக்காரத் துரை நேரே வந்து பார்த்த பிறகுதான் சுவரில் ஒட்டுவது. அது மட்டும் உனக்கு ஆறுதல்.

துரை வந்தார். பிரதான றோட்டில் காரை விட்டுவிட்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார். நல்ல மனிசன், பொய் சொல்லக்கூடாது. சாம்பலுக்குள் இறங்கி, சுவரைத் தொட்டுப் பார்த்து, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டு எழுதினார். புத்தகத்தில் படித்த தமிழ், எழுத்தெழுத்தாக வரும். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். அப்படியே உன் வேலி வாசல் படலைக்கு வந்தோம்.

ஐயோ, நீ நின்ற நிற்பு! ஆரிடம் இரவல் வாங்கினாயோ, வெள்ளை வேட்டி, கரை போட்ட சால்வை, நெற்றியில் மூன்று குறி, கையில் சீவிய இளநீர். படலைக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கூட்டியிருந்தது. துரை தொப்பியைக் கழற்றினார். அன்றைக்கு அவர் வேறு ஒருவருக்கும் தொப்பி கழற்றவில்லை.

"உமது வீடு எரிந்ததா?"

"கொஞ்சம்தான் துரை. பெரிசா ஒண்டுமில்லை. இளநியைக் குடியுங்கோ."

"நாம் உள்ளே பார்க்கலாமா?"

"உள்ளுக்கை பொம்பிளையள் நிக்கினம்."

அது பொய்யில்லை. பறுவதம் உள்ளே சுவர் மூலையில் என் மனிசியின் பழைய சேலையோடு குந்திக்கொண்டிருந்தாள். துரை பெருந்தன்மையாக ஒரு அடி பின்னால் போனார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "விதானை, நீர் என்ன சொல்லுகிறீர்?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, இளநீரைப் பார்த்தாய். "ஐயா, கொஞ்சம் உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ" என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான், "இவருக்குத் தேவையில்லை ஐயா" என்றேன். துரை உன் பெயருக்கு மேல் ஒரு கோடு போட்டார்.

அன்று பின்னேரம் நீ ஒரு கட்டுச் சுருட்டோடு வந்தாய். உனக்கு நன்றி சொல்லத் தெரியாது. என் தோளில் ஒரு குத்து விட்டு, "நீ மனிசன்ரா" என்றாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். முட்டாள்.

ஆவணியில் கலியாணம். பெண் வீட்டில்தான் செய்யவேண்டும், வீட்டுக்கு முகடு இல்லை. நீ தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாய். அந்த நேரம் கச்சேரி ஓலை வண்டில்களில் வந்து இறங்கி, எரிந்த வளவுகளில் அடுக்கிக் கிடந்தது. சலாகை வந்து சேராததால் ஒருவரும் இன்னும் வேயத் தொடங்கவில்லை. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன், மூன்று நாள் இரவல். ஒருவர் முகம் சுளிக்கவில்லை. "அவர் வாய் திறந்து கேக்கமாட்டார், நீங்கள் கொண்டுபோங்கோ" என்று தங்கள் தலைக்கு வந்த ஓலையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். முற்றத்துப் பந்தலை வீட்டுக்கு மேலாலும் இழுத்துப் போட்டோம். உள்ளே அதற்குக் கீழே வெள்ளைத் துணி கட்டினோம். கீழே இருந்து பார்த்தால் முகடு இல்லை என்று பிரமனுக்கும் தெரியாது.

நீ ஓலையைத் தொட்டுப் பார்த்தாய். "உது ஆற்றை ஓலை?"

"ஊரோலை."

"ஊரோலை எண்டால் சரி" என்றாய்.

சம்பந்தி மேலே பார்த்து, "நல்ல குளிர்ச்சியான வீடு" என்று மெச்சினார். நீ அடக்கமாகச் சிரித்தாய். எனக்குப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு நானும் நீயும் எவ்வளவு சந்தோசமாக இருந்தோம்! நாலாம் சடங்கு முடிந்து பிள்ளை மாப்பிள்ளையோடு கொழும்புக்கு ரயில் ஏறினாள். சலாகை வந்தது. ஊர் தன் ஓலையைக் கழற்றிக்கொண்டு போயிற்று. நீயும் கூட நின்று கட்டிக் கொடுத்தாய். பிறகு படலையைச் சாத்திவிட்டு வானத்துக்குக் கீழே போய்ப் படுத்தாய்.

புரட்டாதியில் கச்சேரியிலிருந்து இன்னொரு கடிதம். விடுபட்ட பெயர் இருந்தால் மாத முடிவுக்குள் அனுப்பலாம் என்று. எனக்குக் கடவுளே கதவைத் திறந்தமாதிரி இருந்தது. பத்திரத்தை நானே நிரப்பினேன். நீளம், அகலம், ஆட்கள் எல்லாம். உன் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

நீ சுவர் மூலையில் இரண்டு பழைய பாயைச் சாய்த்துக் கட்டிக்கொண்டிருந்தாய்.

"இதிலை வை கையெழுத்தை. கலியாணம் முடிஞ்சுது. இனி ஆருக்குப் பயம்?"

"இனித்தான் பயம். அவள் அங்கை போய்க் கால் வைச்சு ஒரு மாதம் ஆகேல்லை. தேப்பன் பிச்சைப் பட்டியலிலை எண்டு மாமிக்காறி கேக்கவோ?"

"பிச்சையில்லையடா. எரிஞ்ச சனத்துக்கு அரசாங்கம் குடுக்கிறது. எல்லாரும்தானே வாங்கினவை."

"எல்லாரும் வாங்கட்டும். எனக்கு வேண்டாம்."

"மழை வரப்போகுது, பறுவதத்தையாவது நினை."

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "அரசாங்கத்தின்ரை சோத்தைத் தின்னுறவனுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும்."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று ஊருக்கே தெரியும். மற்றவன் சொன்னால் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். நீ சொன்னதுதான் சுட்டது. "அப்ப மழையிலை கிடந்து ஊறு!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். பத்திரத்தை மேசை லாச்சிக்குள் எறிந்து பூட்டினேன்.

இதுதான் நான் உனக்குச் சொல்லாத விஷயம். கவனமாகக் கேள். அந்தப் பத்திரத்துக்கு உன் கையெழுத்துத் தேவையே இல்லை. வீட்டுக்காரன் கையெழுத்து வைக்க முடியாத இடத்தில், விதானை தானறிந்ததை எழுதி ஒப்பம் வைத்தால் போதும் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அது தெரியும். பாயில் கிடந்த வருத்தக்காரர் இரண்டு பேருக்கு அப்படித்தான் எழுதினேன். உனக்கும் எழுதியிருக்கலாம். முதல் நாள் கோபத்தில் எழுதவில்லை. இரண்டாம் நாள், அவனே வந்து கேட்கட்டும் என்று எழுதவில்லை. மாத முடிவு வந்தது, போனது. நான் உன் படலையைக் கடக்காமல் இருக்கக் கோயிலடியால் சுற்றிப் போய்வந்தேன். அரைக் கட்டை தூரம் அதிகம். அந்த வயதில், முழங்கால் நோவோடு.

ஐப்பசி பிறந்த கையோடு மழை தொடங்கியது. என் ஓட்டில் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு உன் பாய்க் கூரை நினைவு வரும். உடனே, "அவனுக்கு வேணும்" என்று வாய்விட்டுச் சொல்வேன். மனிசி, "ஆரோடை கதைக்கிறியள்?" என்று கேட்பாள். உனக்குக் காய்ச்சல் என்று அவள்தான் சொன்னாள். அதற்குப் பிறகும் இரண்டு நாள் ஆள் அனுப்பிக் கூப்பிடுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

படலையைத் திறந்தபோது முற்றம் குளமாக இருந்தது. பாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஏந்தப் பறுவதம் சட்டி வைத்திருந்தாள். நீ சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாய். என் வீட்டுக்கு வா, தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். தலையை ஆட்டினாய், மாட்டேன் என்று. அந்த நிலையிலும் வேலியைத் தாண்டி உன்னைத் தூக்கிக்கொண்டு போவதை ஊர் பார்க்கக்கூடாது உனக்கு. மூச்சு இழுத்தது, கதைக்க முடியவில்லை. ஆனால் என் கையைப் பிடித்து, நானும் நீயும் மட்டும் அறிந்த ஒன்றைச் சொல்கிறவன் போல் ஒரு கண்ணைச் சிமிட்டினாய். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குத் தெரியாமல் சிமிட்டுவாயே, அதே சிமிட்டல். என்னை மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பரியாரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் உன் நாடியைப் பிடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று எல்லாரும் போன பிறகு பறுவதம் என்னிடம் வந்தாள். ஈரம் காயாத முற்றத்தில் நின்றுகொண்டு கேட்டாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவியாதேங்கோ. ஓலை எப்ப வருமாம்?"

"எந்த ஓலை?"

"அதுதான், நீங்கள் எழுதிக் குடுத்தது. நீங்கள் சண்டை பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கே அவர் சொன்னவர். 'நான் ஓமெண்டு சொல்லமாட்டன் எண்டு அவனுக்குத் தெரியும். கோவிச்சமாதிரிப் போறான், போய் எழுதிப்போடுவான்' எண்டு. படலையிலை சத்தம் கேட்டாலே, 'வண்டில் வந்திட்டுதோ பார்' எண்டு என்னை எழுப்பி விடுவார். கடைசி நாளும் கேட்டவர்."

சொல்லடா, நான் என்ன செய்ய? நீ வேண்டாம் என்று சொன்னாய், நான் நம்பினேன். வாழ்நாள் முழுக்க நீ சொன்ன ஒரு சொல்லையும் நான் நம்பினதில்லை. சிலேட்டைக் களவெடுத்த அன்றும் நீ "எனக்கு அது வேண்டாம், நீயே வைச்சிரு" என்றுதான் சொன்னாய், நான் அடுத்த நாள் கொண்டுவந்து தந்தேன். அந்த ஒரு தரம் மட்டும், என் கோபத்துக்கு வசதியாக இருந்தபடியால், உன் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். நீ கண்ணைச் சிமிட்டியது அதற்குத்தான். நான் எழுதிவிட்டேன் என்ற நம்பிக்கையில் சிமிட்டினாய்.

பறுவதத்துக்கு உண்மை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "வரும், வழியிலை நிக்குது" என்றேன். அடுத்த கிழமை தென்மராட்சியிலிருந்து மூன்று வண்டில் ஓலையும் சலாகையும் என் செலவில் எடுப்பித்து, கச்சேரி அனுப்பியது என்று சொல்லி உன் வீட்டை வேய்ந்து கொடுத்தேன். முகட்டோலை கட்டி முடிந்ததும் அவள் உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தாள். "அவர் சொன்னது சரிதான், அண்ணை. நீங்கள் எழுதித்தான் இருக்கிறியள்" என்று சொல்லிக் கும்பிட்டாள். அவள் அந்த நம்பிக்கையோடுதான் மகளிடம் கொழும்புக்குப் போனாள். இன்றுவரைக்கும் அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் ஒருவரையும் கேட்டுப் பெயர் எழுதியதில்லை. அடுத்த மாரியில் வெள்ளம் வந்து தோட்டமெல்லாம் அழுகியபோது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எழுதினேன். ஆம், எட்டிப் பார்த்தேன், மரியாதை கெட்டவனாகத்தான். வேண்டாம் என்றவர்களின் பெயரை முதலில் எழுதினேன். ஒருத்தன் என் வீட்டுச் சுவரிலிருந்து பட்டியலைக் கிழித்து என் முகத்தில் எறிந்தான். "எறி, ஆனால் அரிசியை வாங்கிக்கொண்டு போ" என்றேன். விதானைக்கு வயது போய் விசராக்கிவிட்டது என்று கதைத்தார்கள். கதைக்கட்டும். ஆனால் அது ஒன்றும் உன் கணக்கில் சேராது என்று எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் எழுதினேன், எழுதவேண்டிய ஒருவனுக்கு எழுதவில்லை.

நேற்றுப் பின்னேரம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு மூன்று நாளாக மேல் காய்ச்சல், அடுப்பு மூட்டவில்லை. கிழக்கு வளவுக்குப் புதிதாகக் கலியாணம் முடித்து வந்திருக்கிற பிள்ளை வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டாள். "அப்பு, இருமல் கேட்டுது. ஏதும் வேணுமோ? கஞ்சி கொண்டு வரட்டோ?"

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. நான் சுகமாத்தான் இருக்கிறன்" என்றேன்.

"சரி அப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நல்ல பிள்ளை, சொன்னதை நம்புகிறவள். நான் விளக்கை வைத்துக்கொண்டு படலையைப் பார்த்தபடி கனநேரம் இருந்தேன்.